வகை தெரியாத பறவை

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி மாலை நாலரை மணிக்கு, முப்பத்தேழு வருடம் மத்திய அரசில் வேலை பார்த்த டெஸ்பாட்ச் கிளார்க் ஜெயபால் பணி ஓய்வு பெற்றுப் பறவையானார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் சந்தன மாலையும் பொன்னாடையும் கிடந்தன. அடையாள அட்டையை மூன்று மணிக்கே ஒப்படைத்திருந்ததால் அலுவலகத்துக்கு அவரிடமிருந்து வரவேண்டியது எதுவும் இல்லை. கூட்ட அறையின் ஜன்னலில் ஏசிக்காக வெட்டிய ஓட்டையை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். அந்த அட்டையைத் தள்ளிக்கொண்டு அவர் வெளியே போனார். விழாவுக்குத் தலைமை தாங்கிய அதிகாரி, ஜெயபால்ஜி டீ குடித்தாரா என்று இந்தியில் விசாரித்தார். குடித்துவிட்டார் என்று சொன்னார்கள். மீதி பஜ்ஜியைப் பங்கிட்டுக்கொண்டு ஐந்தரை மணிக்கு எல்லோரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

ஆர்.கே.புரத்தில் இருக்கும் அந்தக் கட்டடத்தில் தமிழ் ஊழியர்களுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. மாதத்தின் கடைசி நாளில் யாராவது ஓய்வு பெற்றால், அரசு முறைப்படி நடக்கும் விழாவுக்குப் பிறகு அவருக்காகவே எழுதிய ஒரு பாட்டைப் பாடுவார்கள். பத்தொன்பது வருடமாக அந்தப் பாட்டுகளை எழுதியவர் பச்சைமுத்து. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். அலுவலகத்துக்கு வருகிற தபாலைப் பதிவது அவர் வேலை, போகிற தபாலைப் பதிவது ஜெயபாலின் வேலை. இருவர் மேசையும் ஒட்டி ஒட்டி இருந்தன. ஒவ்வொரு பாட்டிலும் ஓய்வு பெறுபவருக்கு ஒரே ஓர் உவமை வைப்பது பச்சைமுத்துவின் முறை. அதைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் எடுத்துக்கொள்வார். மதிய நேரத்தில் டிபன் பெட்டியோடு அந்த ஆளின் மேசைக்குப் போய் உட்கார்ந்து, அவர் எப்படிப் பேனாவை மூடுகிறார், எந்தப் படியில் மூச்சு வாங்க நிற்கிறார், யாருடைய போனை எடுக்காமல் விடுகிறார் என்று பார்ப்பார். பழைய கோப்பு அட்டைகளின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வார். அவர் வைக்கும் உவமை பலித்துவிடும் என்பது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஸ்டோர் கீப்பர் அழகர்சாமியை, மே மாதத்து மதியத்தில் மூலையில் கேட்பாரற்று இருந்து, போய்த் தொடுகிறவர்களுக்குச் சில்லென்று இருக்கும் மண்பானை என்று எழுதினார். அழகர்சாமி ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகிறது. இப்போதும் லக்ஷ்மிபாய் நகரில் மின்சாரம் போனால் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். கேன்டீன் சந்திரம்மாளுக்கு, ஓடி வருகிறவரைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு நிற்கிற பஸ் என்ற உவமை. அன்றிலிருந்து அந்த அம்மாள் நிற்கிற நிறுத்தத்தில் எந்த பஸ்ஸும் ஓடி வருகிறவரை விட்டுவிட்டுப் போனதில்லை. காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை, ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே, அவர் செக்டர் நிறுத்தத்தில் நின்று கொடுக்கிறார். ஸ்டெனோ உஷாராணியை ஜனவரி மாதத்துப் பதினோரு மணி வெயில் என்று எழுதினார். போன குளிர்காலத்தில் டில்லியில் ஒன்பது நாள் சூரியன் தெரியாமல் பனி மூடியிருந்தபோது, உஷாராணி வீட்டு பால்கனியில் மட்டும் வடகம் காய்ந்தது.

ஜெயபாலின் பாட்டைப் பச்சைமுத்து பதினோரு நிமிடத்தில் எழுதினார். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பிறந்த தேதி என்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் உத்தேசமாகப் போட்டது. பள்ளி திறக்கிற ஜூன், ஜூலையை ஒட்டியே போட்டிருப்பார்கள். அதனால் வருடா வருடம் கோடையில்தான் கூட்டமாக ஓய்வு பெறுவார்கள். அந்த ஜூலையில் ஐந்து பேர். நான்கு பேருக்கு எழுதி முடித்தபோது முப்பத்தொன்றாம் தேதி மதியம் ஆகியிருந்தது. பக்கத்து மேசைக்காரர்தானே, எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்று ஜெயபாலைக் கடைசிக்கு வைத்திருந்தார். எழுத உட்கார்ந்தபோது, இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் இருந்த மனிதரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஓய்வு வாழ்த்து அட்டைகளில் அச்சாகி வருகிற உவமையையே எடுத்தார். ஆயிரம் பேர் கைபட்ட உவமை, முத்திரை குத்திய தபால்தலை போல, இனி எதையும் எங்கும் கொண்டு போகாது என்பது அவர் எண்ணம். அது பலிக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

பாட்டைப் பாடியவள் சுபாஷிணி. ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற, டில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் பாடினால் ஓர் எழுத்து பிசகாது. விழாவுக்கு முன்னால் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

“அங்கிள், எந்த பறவை இது? கபூதரா, தோத்தாவா?”

“புறாவும் இல்ல கிளியும் இல்ல. சும்மா பறவைதாம்மா. பாட்டுல அப்படித்தான் வரும்.”

“அச்சா. ஆனா பேரே இல்லன்னா நான் மனசுல எதை நெனச்சிட்டுப் பாடறது?”

“ஒண்ணும் நெனைக்க வேணாம். ஜல்தி பாடிட்டு எறங்கு. பஜ்ஜி ஆறிடும்.”

மற்ற நால்வரின் பாட்டுகளுக்குப் பிறகு கடைசியாக அவள் அதைப் பாடினாள்.

*கூண்டு திறந்தது, வானம் விரிந்தது,*
*பறவை பறந்தது, பயணம் தொடர்ந்தது.*

மூன்றாவது வரிக்குத் தேவை இருக்கவில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பறவை மோதி பாக் குடியிருப்பின் மேலே, ஜெயபாலின் மூன்றாம் மாடி வீட்டுக்கு நேர் உச்சியில், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகளைவிட ஆறேழு மடங்கு உயரத்தில் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அது காக்கையும் அல்ல, பருந்தும் அல்ல, புறாவும் அல்ல. பறவை வைத்தியசாலையிலிருந்து வந்த ஒருவர் பைனாகுலரில் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, சிறகு இருக்கிறது, அலகு இருக்கிறது, அதற்கு மேல் சொல்வதற்கு எதுவும் இல்லை என்றார். நிறம் கேட்டால் பார்க்கிறவர் ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். அது எங்கும் உட்காரவில்லை. பறந்தது என்றுதான் பாட்டில் இருந்தது. உட்கார்ந்ததாக வரி இல்லை.

ஜெயபாலின் மனைவி மஹாலட்சுமி மொட்டை மாடியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் கணவரை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. பறவைக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. பாட்டில் போனவருக்குப் பாட்டு மட்டும்தான் எட்டும் என்று புரிந்துகொண்டு, சேலையை மாற்றிக்கொண்டு பச்சைமுத்து வீட்டுக்குப் போனார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்து பச்சைமுத்துவின் மனைவி கோவிந்தம்மாள் கதவைத் திறந்த கையோடு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மஹாலட்சுமி திட்டவில்லை.

“அண்ணாச்சி, நீங்க எழுதினத நான் கொறை சொல்ல வரல்ல. ஆனா ஒண்ணு கேட்டுக்கிடுங்க. அவியளுக்கு ஒசரம்னாலே ஆவாது. மலை மந்திர் கோயில்ல படி ஏறையிலயே கம்பிய விட மாட்டாவ. மெட்ரோல அந்த ஓடுத படியில கால வைக்க மாட்டாவ. மூணாம் மாடியில வீடு குடுத்துட்டாங்கன்னு பதினாறு வருசமா பால்கனிப் பக்கமே வந்ததில்ல. துணி காயப்போடுதது நான்தான். இப்ப எங்க நிக்காவன்னு பாத்தியளா?”

பச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

“கூண்டுன்னு வேற எழுதிருக்கிய. அவிய ஆபீஸ கூண்டுன்னு என்னைக்குச் சொன்னாவ? ஞாயித்துக்கெழமைன்னா மொகமே வாடிப் போவும்.”

அவர் போன பிறகு கோவிந்தம்மாள் டம்ளரை எடுத்துக்கொண்டே, “ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் மூணு மாசம். பக்கத்து மேசக்காரருக்குப் பதினோரு நிமிசம்” என்றார்.

ஜெயபாலைச் சீக்கிரம் இறக்க வேண்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆகஸ்டு பதினைந்து அன்று டில்லியின் மாடிகள் எல்லாவற்றிலிருந்தும் பட்டம் ஏறும். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் வானத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அறுக்கும். ஒவ்வொரு வருடமும் அந்த வாரத்தில் சிறகு அறுந்த பருந்துகளையும் புறாக்களையும் அட்டைப் பெட்டிகளில் வைத்து வைத்தியசாலைக்கு எடுத்துப்போவார்கள். உட்காரத் தெரிந்த பறவைகளின் கதி அது. ஜெயபாலை இறக்குகிற வரியைப் பதினைந்தாம் தேதிக்குள் எழுதியாக வேண்டும்.

முதல் வாரத்தில் பச்சைமுத்து மறுபடியும் கைக்கு வந்ததை எடுத்தார். மாலையில் கூடு திரும்பும் பறவையே என்று தொடங்கி நான்கு வரி எழுதினார். சுபாஷிணி வேலைக்குப் போவதற்கு முன் மோதி பாக்குக்கு வந்து மாடியில் நின்று பாடினாள். பறவை இறங்கத்தான் செய்தது. பாட்டில் கூடு என்று இருந்ததால் கூடு தேடி, இரண்டாம் மாடி ஏசிப் பெட்டிக்குப் பின்னால் புறாக்கள் கட்டியிருந்த குப்பைக்குள், தன் உருவத்தைச் சுருக்கிக்கொண்டு நுழையப் பார்த்தது. குஞ்சு வைத்திருந்த புறாக்கள் இரண்டும் அதைக் கொத்தின. சுபாஷிணி அழுதுகொண்டே பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். பறவை முன்பிருந்ததைவிட இரு மடங்கு உயரத்துக்குப் போய்விட்டது.

அதன் பிறகுதான் பச்சைமுத்து தன் பழைய முறைக்குத் திரும்பினார். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே அலுவலகத்துக்கு வந்து, காலியாக இருந்த ஜெயபாலின் நாற்காலியில் மூன்று நாள் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடம் ஓர் அடி தூரத்தில் இருந்த அந்த மேசையை அதன் பக்கத்திலிருந்து அவர் பார்த்ததே இல்லை. இழுப்பறையில் ஒரு பசை பாட்டில், ஈரம் உலர்ந்து விறைத்துப் போன ஒரு ஸ்பாஞ்சு, நூல் கட்டு, மொட்டையான மூன்று பென்சில்கள். மேசையின் இடது பக்கத்தில் பாலீஷ் தேய்ந்து, உள்ளங்கை அளவுக்கு மரம் வெளுத்திருந்தது. பச்சைமுத்து தன் கையை அதில் வைத்துப் பார்த்தார். தலைக்கு மேலே மின்விசிறி ஓடியது. அலுவலகத்தில் இருந்த பேப்பர் வெயிட்டுகளை எல்லாம் மற்ற பிரிவுக்காரர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள் என்றும், ஜெயபால் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை என்றும், அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடமாக இடது கையால் காகிதத்தை அழுத்திக்கொண்டு வலது கையால் எழுதி வந்தார் என்றும் பியூன் சொன்னார். பச்சைமுத்து தன் மேசையைத் திரும்பிப் பார்த்தார். அதில் இரண்டு பேப்பர் வெயிட் இருந்தன.

இதற்கிடையில் பன்னிரண்டாம் தேதி காவல் நிலையத்திலிருந்து ஒரு கான்ஸ்டபிள் மாடிக்கு வந்தார். சுதந்திர தினத்தை முன்னிட்டு வானத்தில் டிரோன், பலூன் எதுவும் கூடாது என்று உத்தரவு இருந்தது. மேலே கையைக் காட்டி, “யே க்யா ஹை, மாதாஜி?” என்று கேட்டார். “மேரே பதி ஹைன்” என்று, அது தன் கணவர் என்பதை மஹாலட்சுமி சொன்னார். கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். எப்போது இறங்குவார் என்று கேட்டார். பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று மஹாலட்சுமி தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பறவை, வகை தெரியவில்லை, அச்சுறுத்தல் இல்லை என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். போகும்போது, பதினைந்தாம் தேதி பட்டங்கள் மிகவும் மோசமாக இருக்கும், அவரை உள்ளே அழைத்துக்கொள்வது நல்லது என்று மெதுவான குரலில் சொன்னார்.

பதின்மூன்றாம் தேதி மாலை, பொறுமை இல்லாத சிலர் பட்டம் விடத் தொடங்கியிருந்தார்கள். பறவையிலிருந்து ஓர் இறகு கழன்று சுழன்று சுழன்று மாடியில் விழுந்தது. மஹாலட்சுமி எடுத்துப் பார்த்தபோது அது சாம்பல் நிற சஃபாரி சட்டையின் பொத்தானாக இருந்தது. நூலோடு சேர்ந்து அறுந்திருந்தது. அதைத் தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டார்.

பதினான்காம் தேதி காலையில் பச்சைமுத்து புதிய பாட்டோடு வந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான் என்று பிற்பாடு கேட்டவர்கள் சொன்னார்கள். எழும்பும் தாள்களின் மேல் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக் குண்டே என்று தொடங்கியது. ஜெயபாலை அறிந்த யாருக்கும் அது பொருந்தும். மஹாலட்சுமி கேட்டுவிட்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். சுபாஷிணி தாளைக் கையில் வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகப் படித்து, ராகம் பிடித்து, பாட வாயைத் திறந்தாள். திறந்தவள் மூடிக்கொண்டாள்.

“அங்கிள், பேப்பர் வெயிட் கண்ணாடிதானே?”

“ஆமாம்மா.”

“அவர் அங்க மேல இருக்கார். நான் பாடினா அவர் கண்ணாடி ஆயிடுவார். அப்புறம்?”

மூவரும் மேலே பார்த்தார்கள். பிறகு கீழே, தோட்டத்தைச் சுற்றிப் போட்டிருந்த சிமெண்டு நடைபாதையைப் பார்த்தார்கள். பச்சைமுத்து அந்தத் தாளை அவளிடமிருந்து வாங்கி எட்டாக மடித்தார். உண்மையான உவமையாகவே இருந்தாலும், அந்த ஆள் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்று பாராமல் வைத்தால் கொன்றுவிடும் என்பதை அவர் அதுவரை அறிந்திருக்கவில்லை. அவர் பாட்டுகள் எல்லாம் நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு எழுதியவை.

மாடியிலிருந்து இறங்கி மஹாலட்சுமி வீட்டில் உட்கார்ந்தார்கள். மஹாலட்சுமி காபி போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, வந்தவர்கள் முன்னால் வீடு குப்பையாக இருக்கிறதே என்ற கூச்சத்தில், படுக்கையறைப் பக்கம் கையைக் காட்டி, எல்லா இடமும் பெருக்கியாயிற்று, அந்தக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் மட்டும் பெருக்கவில்லை என்றார். ஏன் என்று சுபாஷிணி கேட்டாள்.

“அவிய அந்த ஓரத்துலதான் படுப்பாவ. தூங்கையில ஒரு கை கட்டில விட்டு எறங்கி தரையைத் தொட்டுக்கிட்டே இருக்கும். காலையில நான் பெருக்க வந்தா வெளக்குமாறு கையில இடிக்கும். கைய எடுங்கன்னுவேன். தூக்கத்துலயே எடுப்பாவ. நான் அங்கிட்டுப் போனதும் திருப்பி எறக்கி வச்சுருவாவ. கல்யாணம் ஆன அன்னைக்கிலேருந்து இதே கூத்து. கட்டிலே அவியளுக்கு ஒசரந்தான் போல.” அவர் கொஞ்சம் சிரித்தார். “இந்தப் பதினாலு நாளா அந்த எடத்துல கை இல்ல. பெருக்கலாம்லா? வெளக்குமாத்த எடுத்துட்டுப் போவேன். கை வர மாட்டேங்கு.”

பச்சைமுத்து காபியைக் கீழே வைத்தார். அந்த அறைக்குள் போகலாமா என்று அனுமதி கேட்டார். உள்ளே போய், கட்டிலின் அந்த ஓரத்தில் படுத்துக் கண்ணை மூடி, கையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். பதினான்கு நாள் தூசியில் விரல்கள் பதிந்தன. வெகு நேரம் அப்படியே கிடந்தார். தூங்கிவிட்டாரோ என்று சுபாஷிணி எட்டிப் பார்த்தபோது அவர் கண்களின் ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. எழுந்து வந்து, சமையலறைக் காலண்டரில் கிழித்த தாளின் பின்னால் நான்கு வரி எழுதினார். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

அன்றைக்கே பாடியிருக்கலாம். ஆனால் அன்று மதியத்திலிருந்து மழை பிடித்துக்கொண்டது, பாட்டு மேலே எட்டாது என்று பட்டது. பதினைந்தாம் தேதி காலை ஆறரை மணிக்கு, பாதுகாப்புக்காகச் சில சாலைகளை அடைத்திருந்ததால், சுபாஷிணி ஆர்.கே.புரத்திலிருந்து நடந்தே வந்தாள். மழை கழுவிய வானத்தில் அதற்குள் முப்பது நாற்பது பட்டங்கள் நின்றன. பக்கத்துக் குடியிருப்பின் மாடியில் ஸ்பீக்கர் வைத்து தேசபக்திப் பாட்டு போட்டிருந்தார்கள். மஹாலட்சுமி போய்க் கேட்டுக்கொண்டதும் அணைத்துவிட்டார்கள். பட்டத்தை இறக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. ஒரு மாடியில் கேட்கலாம், டில்லி முழுக்க எப்படிக் கேட்பது? சுபாஷிணி தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினாள்.

*தூக்கத்தில் கட்டிலின் ஓரத்திலிருந்து*
*தரையைத் தேடி இறங்கும் கையே,*
*கண் திறக்காமல் இறங்கி வா,*
*தரை அங்கேயேதான் இருக்கிறது.*

முதல் வரியில் பறவை வட்டமிடுவதை நிறுத்தியது. இரண்டாவது வரியில் சிறகை அடிக்காமல், எடை முழுவதையும் காற்றிடம் கொடுத்துவிட்டு, தூங்குகிறவர் கையைப் போல மெல்ல இறங்கத் தொடங்கியது. தண்ணீர்த் தொட்டிகளின் உயரத்துக்கு வந்தபோது, மேற்கிலிருந்து அறுந்துவந்த ஓர் ஊதாப் பட்டம் தன் நூலை இழுத்துக்கொண்டு மாடியின் குறுக்கே வந்தது. நூல் வெயிலில் மின்னியது. சுபாஷிணி மூன்றாவது வரியில் இருந்தாள். அவள் நூலைப் பார்த்தாள். ‘திறக்காமல்’ என்ற சொல்லின் நடுவில் நின்று, அதை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பறவை இருந்த இடத்தில் அந்தரத்தில் நின்றது. அவள் இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது. நூல் பறவைக்கு ஒரு முழம் கீழே, அவசரமே இல்லாமல், கிழக்கே போயிற்று. அது தாண்டியதும் சொல்லை முடித்து, ‘இறங்கி வா’ என்றாள். அந்த இரண்டு சொற்களில் குரல் கிழிந்தது. அப்புறம் ஒரு வாரம் அவளால் பேச முடியவில்லை.

மாடியின் ஈரமான தரையை முதலில் தொட்டது ஓர் இடது உள்ளங்கை. பிறகு முழங்கை வந்தது, தோள் வந்தது, பொத்தான் இல்லாத சாம்பல் நிற சஃபாரி சட்டை வந்தது, மீதி ஜெயபால் முழுவதும் வந்து தரையில் கவிழ்ந்து படுத்தார். கண்கள் மூடியே இருந்தன. மஹாலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து, வந்துட்டிய, கண்ணத் தொறங்க என்றார். அவர் திறக்கவில்லை. வீட்டுக்குள் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்க் கட்டிலில் உட்கார வைத்த பிறகே திறந்தார். பதினைந்து நாளும் கண்ணை மூடிக்கொண்டுதான் பறந்திருந்தாரா என்று கோவிந்தம்மாள் பிற்பாடு கேட்டதற்கு, ஒரே ஒரு தடவை திறந்தேன் என்றார். என்ன பார்த்தீர்கள் என்றதற்குப் பச்சைமுத்துவை நோக்கிக் கையைக் காட்டினார்.

“இந்தா இவரு கீழ நின்னு என்னைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. திரும்பும்போது உச்சி தெரிஞ்சுது. உச்சந்தலையில அவ்வளவு பெரிய வழுக்க. சீவிச் சீவி மறைச்சு வச்சிருந்திருக்கீரே வே. இருவத்திரண்டு வருசம் பக்கத்துல இருந்தும் எனக்குத் தெரியாமப் போச்சே.”

பச்சைமுத்து தன் தலையைத் தடவிக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தப் பாட்டையும் எழுதும் முன் பச்சைமுத்து ஓய்வு பெறுபவரின் வீட்டுக்குப் போய், யாரும் பெருக்காத இடம் எது என்றும் கேட்கிறார் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள்.

பலித்தது என்ன என்று தெரிய ஒன்பது நாள் ஆயிற்று. துணி காயப்போடும்போது மஹாலட்சுமியின் கையிலிருந்து ஒரு கிளிப் மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து நழுவித் தோட்டத்தில் விழுந்தது. அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டு குனிந்து கையை நீட்டிப் புல்லிலிருந்து அதை எடுத்துத் துணியில் மாட்டினார். மாட்டிய பிறகுதான் நினைத்துப் பார்த்தார். மறுபடியும் கையை விட்டார். ஈரப்புல், ஒரு எறும்பு, பக்கத்து வீட்டுப் பெண் தொலைத்த ஒரு ரப்பர். கட்டிலிலிருந்து தரை இருக்கிற தூரம்தான் இருந்தது. ஜெயபாலைக் கூப்பிட்டார். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அவர் பால்கனிக்கு வந்தார், கம்பியைப் பிடிக்காமல் குனிந்து, தோட்டத்து மண்ணில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

பராமரிப்பு அலுவலகத்திலிருந்து ஓர் இளநிலைப் பொறியாளர் டேப்போடு வந்தார். வெளியே நின்று அளந்ததில் பால்கனியின் உயரம் ஒன்பது மீட்டர், உள்ளிருந்து அளந்ததில் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். இரண்டையும் எழுதிக்கொண்டு, இரண்டும் விதிகளுக்கு உட்பட்டே இருப்பதாகக் குறிப்பு வைத்தார். தபால்காரர் படி ஏறுவதை விட்டுவிட்டார். மூட்டு வலிக்காரர்கள், உள்ளிருந்து நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு ஜெயபால் வீட்டு பால்கனி வழியாக ஏறி, உள் படிக்கட்டில் தங்கள் மாடிக்குப் போய்க்கொண்டார்கள். போகிற போக்கில் மஹாலட்சுமியிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடிப்பார்கள். நவம்பரில் ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டும். ஜெயபால் விரல் ரேகை வைத்தார், இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

ஓய்வு பெற்று ஆறு மாதத்துக்குள் அரசு வீட்டைக் காலி செய்தாக வேண்டும். ஜனவரி கடைசி வாரத்தில், எதிரில் வருகிற ஆள் தெரியாத பனியில், முனிர்காவில் லிஃப்ட் இல்லாத நான்காம் மாடி வீட்டுக்குச் சாமான்கள் போயின. வேறு வீடு கிடைக்கவில்லை. நான்காம் மாடி என்று கேட்டபோது ஜெயபால், சரி என்று மட்டும் சொன்னார். சாமான் தூக்க வந்த மூன்று பேர் கட்டிலையும் பெட்டிகளையும் ஏற்றிவிட்டார்கள். பீரோ இரண்டாம் மாடித் திருப்பத்தில் சிக்கி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நாற்பது நிமிடம் நின்றது. அதைக் கஷ்டப்பட்டுக் கீழே இறக்கி, சந்தில் வைத்துவிட்டு, கயிறு கட்டி இழுக்கலாமா என்று அவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது, ஜெயபால் நான்காம் மாடி ஜன்னலைத் திறந்து இடது கையை வெளியே நீட்டினார். அது சந்தில் நின்றவரின் முழங்காலைத் தொட்டது. “பையா, கிட்கி ஸே தே தோ” என்று ஜன்னலைத் தட்டிக் காட்டினார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பீரோவைச் சாய்த்து ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார்கள். ஃப்ரிட்ஜையும் அப்படியே கொடுத்தார்கள். துளசித் தொட்டியைக் கடைசியில் கொடுத்துவிட்டு, ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து, காலைச் சந்தில் ஊன்றிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள்.